காயலான் கடைக்குத் தப்பும் போர் விமானங்கள்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். 1963-இல் விமானப்படையில் சேர்ந்தவை, 62 ஆண்டுகள் ஓடின. அதன் பிறகு எங்களுக்கு வரும் விசாரணைகள் கூடிவிட்டன. எங்களுக்கு என்றால், சேலம் வட்டாரத்தில் பழைய ராணுவ விமானங்கள் மேல் கிறுக்குப் பிடித்த சிலருக்கு. ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், ஒருவர் கல்லூரி ஆசிரியர், ஒருவர் ஏர்ஃபோர்ஸில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரி வளாகங்களில் கேட்பாரற்று நிற்கும் விமானங்களைக் கழுவித் துடைத்து, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. சம்பளம் கிடையாது, டீ உண்டு. வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கொடுத்திருக்கிறேன்.

ஒரு போர் விமானத்தை எடைக்குப் போட்டா என்ன கிடைக்கும்? காசுக்காகத்தானே உடைக்கிறாங்க?

காசுக்காக உடைப்பது குறைவு. நாட் என்ற சின்னப் போர் விமானத்தின் வெற்று எடை ஏறத்தாழ 2,200 கிலோ. ஹண்டர் என்றால் 6,400 கிலோ, நம் நாட்டிலேயே செய்த மருத் 6,200 கிலோவை ஒட்டி வரும். கேட்க நிறைய இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஏலத்துக்கு வரும்போது என்ஜினும் விலைபோகும் கருவிகளும் பெரும்பாலும் கழன்றிருக்கும். மிஞ்சுவது தகடு. அதுவும் பாத்திரத்துக்குப் போகிற அலுமினியம் இல்லை. செம்பு கலந்த டியூராலுமின் ஒரு பக்கம், துத்தநாகம் கலந்தது இன்னொரு பக்கம், இடையில் எஃகு போல்ட், மெக்னீசியம் வார்ப்பு, ரப்பர், ஒயர். எல்லாவற்றையும் பிரிக்காமல் உருக்கினால் மட்டமான வார்ப்புக் கட்டியாகத்தான் வரும். எங்களுக்குத் தெரிந்த காயலான் கடைக்காரர் ஒருவரிடம் ஒரு சிறகுத் துண்டைக் காட்டினோம். காந்தத்தை நாலு இடத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டு, "பாக்கத்தான் பெருசுங்கண்ணா, பிரிச்செடுக்கிற கூலிக்கே சரியாப் போயிடும்" என்றார்.

உண்மையில் பல விமானங்கள் உடைபடுவது இடத்துக்காக. புதுக் கட்டடம் வரும், பைக் ஸ்டாண்டு வரும், பழைய முதல்வர் மாறிப் புதியவர் வருவார், "இது எதுக்கு இங்கே நிக்குது?" என்பார். அந்த ஒரு கேள்வியில் கதை முடிந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு, அது உலக அளவிலானது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். தாதுவிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் சக்தியில் 5 சதவீதம் இருந்தால் பழைய அலுமினியத்தை உருக்கிவிடலாம். சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி, மேட்டூர் மால்கோவில் மின்சாரத்தைக் கொட்டி அலுமினியம் எடுத்ததைப் பார்த்த ஊர் இது, ஆகவே அந்தக் கணக்கு நமக்குப் புரியும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் அரிசோனாவின் கிங்மன் பாலைவனத்தில் 5,000-க்கும் மேற்பட்ட விமானங்களை நிறுத்தி, அங்கேயே உலை வைத்து உருக்கினார்கள். அவற்றில் பல, தொழிற்சாலையிலிருந்து வந்து போருக்கே போகாதவை.

ஓய்வு பெற்ற விமானம் எங்கெல்லாம் போகும்?

முதலில் அதே ரகத்தில் இன்னும் பறந்துகொண்டிருக்கும் விமானங்களுக்கு உதிரி பாகம் தரும். பிறகு சில, விமானத் தளத்தின் ஓரத்தில் எதிரியை ஏமாற்றும் பொம்மையாக நிற்கும். சில, தொழில்நுட்பப் பயிற்சிப் பள்ளிகளில் மாணவர்கள் கழற்றி மாட்டிப் பழகப் போகும். சில, தளத்தின் வாசலிலோ ஊர் நடுவிலோ பீடம் ஏறும். ஒன்றிரண்டு அருங்காட்சியகத்துக்குப் போகும். மீதி ஏலத்துக்கு.

இதில் பீடம் ஏறியதும் கல்லூரிக்குப் போனதும் தப்பித்துவிட்டன என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் நம் பக்கத்து விமானங்கள் பாழாவது காயலான் கடையில் இல்லை, அந்தப் பீடத்தில்தான். திறப்பு விழாவுக்கு மாலை போடுவார்கள், கல்வெட்டு வைப்பார்கள், அதோடு சரி. கூரை கிடையாது. பத்துப் பதினைந்து வருடம் மழையிலும் வெயிலிலும் நின்றபின், "ஆபத்தாக இருக்கிறது" என்று ஒரு கடிதம் எழுதி உடைத்துவிடுவார்கள். கடைக்காரர் வந்து அள்ளுவது கடைசிச் சடங்கு மட்டுமே.

குப்பையிலிருந்து மீட்ட விமானம்னு இந்தியாவுல ஏதாவது உண்டா?

உண்டு. அதுவும் உலகமே நன்றி சொல்ல வேண்டிய கதை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டிஷ் விமானப்படை தன் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் விட்டுவிட்டுப் போனது. நாலு என்ஜின் கொண்ட, அமெரிக்காவில் செய்த பெரிய விமானம். மறுபடி யாரும் பறக்கவிடக் கூடாது என்று வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுத்தான் போனார்கள். 1948-இல் புதிய இந்தியாவுக்குக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது, வாங்கப் பணம் இல்லை. பெங்களூரில் விமானம் செய்யும் எச்ஏஎல் நிறுவனத்து ஆட்கள் கான்பூருக்குப் போய், நின்றவற்றில் தேறுகிறவற்றைப் பொறுக்கி, ஒன்றின் உறுப்பை இன்னொன்றுக்கு மாட்டி, ஒரே ஒரு தடவை பறக்கிற அளவுக்கு ஒட்டுப்போட்டார்கள். எச்ஏஎல் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுதாகப் பிரித்து மேய்ந்து சரிசெய்தார்கள். இப்படி 40-க்கும் மேற்பட்ட விமானங்கள் உயிர் பெற்றன. 1948 நவம்பரில் 5-ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் படைப்பிரிவு, அவற்றோடு உருவானது. 1968 கடைசி வரை பறந்தன. உலகில் லிபரேட்டரைக் கடைசியாக வைத்திருந்த விமானப்படை நம்முடையதுதான்.

அமெரிக்கா 18,000-க்கும் மேல் லிபரேட்டர்களைச் செய்தது. ஏறத்தாழ அத்தனையையும் உருக்கிவிட்டது. அதனால் பிற்பாடு வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் தேடிக்கொண்டு இந்தியாவுக்கு வந்தன. லண்டன் அரச விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒன்று, கனடாவுக்கு ஒன்று, அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்கு ஒன்று என்று இங்கிருந்து போயின. இன்னொன்றை 1980-களின் தொடக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் சேகரிப்பாளர் வாங்கிப் போனார். பிறகு அது அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையிடம் போய், 1989-இல் மறுபடி பறந்தது. டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவற்றை மீட்டவர்கள் யாரும் பாரம்பரியம் பற்றிப் பேசவில்லை. தேவை இருந்தது, சரிசெய்தார்கள். தொடர்ந்து பயன்பட்டதால் 20 வருடம் பராமரிப்பு கிடைத்தது. அருங்காட்சியகம் என்ற யோசனை வந்தபோது காப்பாற்றுகிற நிலையில் விமானம் இருந்தது.

டகோட்டா ஒண்ணு அப்படி வந்துச்சே?

ஆமாம், பரசுராமா என்று பெயர் வைத்தது. டகோட்டா என்பது பழைய விசிறிப் போக்குவரத்து விமானம். அயர்லாந்தில் காயலான் நிலையில் கிடந்த ஒன்றை 2011-இல் ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, பிரிட்டனில் சீர்செய்து, 2018-இல் விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். அவர் தந்தை விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். அதன் வாலில் இருக்கும் விபி 905 என்ற எண், 1947 அக்டோபர் 27-ஆம் தேதி ஸ்ரீநகரில் நம் வீரர்களை இறக்கிய டகோட்டாவின் நினைவாக எழுதியது. அதே விமானம்தான் இது என்று வாட்ஸாப்பில் வருவதை நம்ப வேண்டாம். எண் மரியாதைக்காக இட்டது, உடல் வேறு.

நான் ஒண்ணு வாங்க முடியுமா? ஓஎல்எக்ஸ்ல வந்துச்சுன்னு பார்த்தேன்.

2020-இல் வந்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் மிக்-23 விமானத்தின் படத்தைப் போட்டு, 9 கோடியே 99 லட்சம் ரூபாய் என்று யாரோ விளம்பரம் கொடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகம் மறுத்தது, விளம்பரமும் போய்விட்டது. அந்த விமானத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது விமானப்படை.

நிஜத்தில் இரண்டு வழி. ஒன்று, மத்திய அரசின் எம்எஸ்டிசி நிறுவனம் நடத்தும் இணைய ஏலம். ராணுவக் கழிவுகள் பெரும்பாலும் அதன் வழியாகப் போகின்றன. முன்பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும், இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஜிஎஸ்டி தனி. பட்டியலில் "விமானம்" என்று பார்த்துப் பரவசப்பட வேண்டாம். வெட்டிய துண்டுகளின் குவியலாக இருக்கும். ஏலம் கேட்பதற்கு முன் நேரில் போய்ப் பார்க்க அனுமதிப்பார்கள், அதைத் தவற விடாதீர்கள்.

இரண்டாவது, முழு விமானத்தைப் பார்வைக்கு வைக்கக் கேட்டு விமானப்படைத் தலைமையகத்துக்கு விண்ணப்பிப்பது. கல்வி நிறுவனம், மாநில அரசு, மாநகராட்சி போன்றவை கேட்கலாம். உங்கள் பண்ணைவீட்டு வாசலில் நிறுத்துவதற்குக் கேட்டால் கிடைக்காது. கேட்பதற்கு முன்பே எங்கே நிறுத்தப்போகிறீர்கள், யார் பார்த்துக்கொள்வது என்று எழுத்தில் வைத்திருங்கள். கூரைக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதினால், உங்கள் தாளாளரே ஒருமுறை யோசிப்பார். யோசிக்கட்டும்.

சரிபண்ணி பறக்க வைக்கலாமா?

முடியாது. ஜெட் போர் விமானத்தைத் தனியார் பறக்கவிடுவது இங்கே நடக்கிற காரியம் இல்லை. என்ஜினுக்கு ஆள் இல்லை, பாகம் இல்லை, ஆபத்தில் விமானியை வெளியே எறியும் எஜெக்ஷன் சீட்டுக்குக் காலாவதியாகாத தோட்டா இல்லை. விமானப்படையே தன் பழம்பெருமைப் பிரிவில் டைகர் மாத், ஹார்வர்ட், டகோட்டா போன்ற விசிறி விமானங்களைத்தான் பறக்கவிடுகிறது.

ஏற்காட்டுல ஒரு போர் விமானம் வெச்சா டூரிஸ்ட் வருவாங்களே?

வருவார்கள். பனிமூட்டத்தில் போட்டோவும் அருமையாக விழும். விமானத்துக்குத்தான் ஆகாது.

அலுமினியக் கலவைக்கு எமன் ஈரமும் உப்பும். அமெரிக்கா தன் உபரி விமானங்களை அரிசோனாவின் டூசானில் நிறுத்தக் காரணம் அங்கே காற்று காய்ந்திருக்கும், தரை இறுகியிருக்கும். ஏற்காடு அதற்கு நேர் எதிர். மேகம் வந்து வீட்டுக்குள் புகுந்து போகிற ஊர். சில்வர் ஓக் நிழலில் நிற்கும் எதுவும் ஒரு பருவம் தாண்டுவதற்குள் பாசி பிடித்துவிடும். காப்பித் தோட்டத்து ஜீப்பின் அடித்தகட்டைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம்.

அதற்கு முன் மேலே ஏற்ற வேண்டும். ஹண்டரின் நீளம் 14 மீட்டர், மருத் கிட்டத்தட்ட 16 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. லாரியே ஒரு வெட்டில் திரும்ப முடியாமல் பின்வாங்கித் திரும்புகிற இடத்தில் அந்த நீளத்தை டிரெய்லரில் கொண்டுபோவது நடக்காது. ஹண்டரிலும் மிக்-21-இலும் என்ஜினை எடுப்பதற்காக உடலின் பின்பாதி தனியாகக் கழலும். அப்படிப் பிரித்தால் ஏற்றிவிடலாம் என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் இன்றும் வாதாடுகிறார். ஏற்றலாம். ஏற்றி, அங்கே மூடிய கட்டடம் ஒன்றில் வைப்பதாக இருந்தால் மட்டுமே நான் சம்மதிப்பேன்.

அப்போ சேலம் டவுன்?

தமிழ்நாட்டில் இதைவிட நல்ல இடம் குறைவு. கடல் தூரம், உப்புக்காற்று கிடையாது. வெயில் காய்கிற ஊர். சென்னையில் 5 வருடத்தில் அரித்துப் பூக்கிற தகடு இங்கே மெதுவாகத்தான் பூக்கும். ஆனால் வெயிலுக்கும் விலை உண்டு. டயர் வெடிக்கும், ரப்பர் சீல் பொடியாகும், காக்பிட்டின் மேல்மூடியான பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் மயிரிழைபோல் நுண்விரிசல் விட்டுப் பால்நிறமாகும். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுவது எல்லாவற்றிலும் மோசம். பகலில் உள்ளே வேகும், இரவில் வேர்க்கும், அந்த வேர்வை வெளியேற வழியிருக்காது. நாலு கால் நட்டு மேலே தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்து விட்டால் போதும். கல்யாணப் பந்தல் போடும் செலவில் கூரை முடிந்துவிடாது, ஆனாலும் ஒரு நல்ல முழுப் பெயின்ட் வேலையைவிட அதற்கு அதிகம் ஆகாது.

கமலாபுரம் ஏர்போர்ட்டில் வைக்கலாமே?

சேலம் விமான நிலைய வாசலுக்கு அழகாக இருக்கும். இடம் விமான நிலைய ஆணையத்துடையது, அவர்கள் மனசு வைக்க வேண்டும். அங்கேயும் கூரை உண்டா என்றுதான் முதலில் கேட்பேன்.

டிஃபென்ஸ் காரிடார்ல சேலம் இருக்கே, அதுல ஏதும் கிடைக்காதா?

ராணுவத் தளவாட உற்பத்திக்காகத் தமிழ்நாட்டில் அறிவித்த தடம் அது. சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு சேலமும் அதன் ஐந்து மையங்களில் ஒன்று. ஆனால் அது புதிதாக உற்பத்தி செய்பவர்களுக்கானது, பழையதைத் துடைப்பவர்களுக்கு அதில் வழியில்லை. ஒரு பயன் உண்டு: விமானத் தகட்டு வேலை கற்க வேண்டிய மாணவர்களுக்கு 60 வருடத்துக்கு முந்தைய ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசையைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. இதைச் சொல்லித்தான் இரண்டு கல்லூரிகளில் உள்ளே விட்டார்கள்.

சூலூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கொண்டுவர என்ன வேணும்?

கிரேன், லோ-பெட் டிரெய்லர், பொறுமை. கோவைப் பக்கத்துச் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து அவிநாசி, பெருந்துறை, பவானி, சங்ககிரி என்று நாற்கர சாலையிலேயே வந்துவிடலாம். சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களுக்குக் காற்றாலை இறக்கையையே கொண்டுபோய்ப் பழக்கம், விமானம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. தகராறு வருவது தூக்கும்போது. சங்கிலியை எங்கே வேண்டுமானாலும் போட்டுத் தூக்கினால் உடல் நசுங்கும். ஒவ்வொரு விமானத்திலும் தூக்குமிடம் குறித்திருக்கும், பெயின்டுக்கு அடியில் தேடினால் கிடைக்கும். சிறகுகளைக் கழற்றாமல் கேஸ் கட்டரால் வெட்டி எடுத்துவந்து, பிறகு வெல்டிங் வைத்து ஒட்டிய விமானங்களைப் பார்த்திருக்கிறோம். கழற்றத்தான் போல்ட் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்தால் கழலும்.

ஒரு விமானத்தைப் பார்க்கப் போனா முதல்ல என்ன பார்ப்பீங்க?

வயிற்றை. எல்லோரும் மூக்கைப் பார்ப்பார்கள், நாங்கள் குனிந்து வயிற்றுப் பக்கம் போவோம். உள்ளே சேரும் நீர் வடிய அங்கே வரிசையாகச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் பூசிப் பூசிப் பெயின்டர் அவற்றை அடைத்திருப்பார். ஒரு கல்லூரியில் மரக்குச்சியால் ஒரு துளையைக் குத்தினோம். கறுப்பாகத் தண்ணீர் ஊற்றத் தொடங்கியது, நாங்கள் டீ குடித்துவிட்டு வந்த பிறகும் நிற்கவில்லை. வாட்ச்மேன் பயந்துபோய், "சார், உள்ள இன்னும் பெட்ரோல் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அத்தனையும் மழைத் தண்ணீர்.

அடுத்து ரிவெட் வரிசை. விரல் நகத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று சொல்லும், கெட்ட இடத்தில் சத்தம் செத்துவிடும். அங்கே பெயின்டைச் சுரண்டினால் சாம்பல் கலந்த வெள்ளைத் தூள் உதிரும், தகடு ஏடு ஏடாகப் பிரிந்து உப்பியிருக்கும், ரிவெட்டின் தலை மேலே தூக்கியிருக்கும். எஃகு போல்ட்டும் அலுமினியமும் ஒட்டுகிற இடத்தில் நீர் நின்றால் இது வேகமாக நடக்கும். பேட்டரி வேலை செய்வதும் இதே தத்துவம்தான்.

பிறகு சக்கரம். பீடத்தில் நிற்க வைக்கும்போது சக்கரத்தின் மேல் கான்கிரீட் ஊற்றிவிடுவது நம் ஊர் கொத்தனாரின் வழக்கம். ஈர சிமென்டின் காரம் அலுமினியத்தைத் தின்னும். சக்கர வார்ப்பு மெக்னீசியமாக இருந்தால் அதில் தேங்கும் ஈரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கால் போனால் விமானம் ஒரு பக்கமாகச் சாயும், "ஆபத்து" கடிதம் அன்றைக்கே எழுதப்படும்.

மூக்கிலும் காற்றுப் புகும் வாயிலும் மைனா கூடு நிச்சயம் இருக்கும். எச்சமும் அரிக்கும். குஞ்சு பறக்கும்வரை காத்திருந்து, பிறகு கம்பிவலை போடுங்கள்.

நாங்களே சுத்தம் செய்யலாம்னு இருக்கோம். ஆபத்து ஏதாவது உண்டா?

உண்டு, இந்தப் பதிலை மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

காக்பிட்டில் ஏறி உட்காராதீர்கள். எஜெக்ஷன் சீட் என்பது வெடிமருந்தால் மனிதனைத் தூக்கி எறியும் நாற்காலி. கொடுக்கும்போது தோட்டாக்களை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். எடுத்த ஆவணம் கையில் இல்லையென்றால், இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். மேல்மூடியைத் தெறிக்கவிடும் மருந்து தனி. சந்தேகம் வந்தால் கயிறு கட்டி ஆட்களை விலக்கிவிட்டு, விமானம் கொடுத்த தளத்துக்கு எழுதுங்கள்.

கருவிப் பலகையில் இரவில் ஒளிரும் பழைய டயல்களில் ரேடியம் பூசியிருக்கலாம். ஒளி செத்துப் பல காலம் ஆகியிருக்கும், கதிர்வீச்சு சாகாது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம். கண்ணாடியைத் திறக்காதீர்கள், உள்ளே உள்ள பொடி விரலில் ஒட்டக் கூடாது. வீட்டு ஷோகேஸுக்கு எடுத்துப் போகவும் வேண்டாம்.

பெயின்டுக்கு அடியில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒரு பூச்சு தெரியும். அது குரோமேட் பிரைமர். அதன் தூள் புற்றுநோய் தரும். உப்புத்தாளைக் காயவைத்துத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள், கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள். பிரேக்கிலும் என்ஜின் சூட்டுக் கவசத்திலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தங்க நிறத்தில் மின்னும் போல்ட்களில் காட்மியம் பூச்சு. இறுகிவிட்டது என்று கேஸ் வைத்துச் சுட்டால் அந்தப் புகை ஆளையே கொல்லும்.

மெக்னீசியம் சக்கரத்தைக் கேஸ் கட்டரால் தொடவே தொடாதீர்கள். பற்றினால் தண்ணீர் ஊற்ற ஊற்ற அதிகமாகும், உலர்ந்த மணல்தான் போட வேண்டும். நம் கருப்பூர்ப் பக்கம் மலைமலையாக வெட்டும் மேக்னசைட்டிலும் இதே உலோகம்தான் இருக்கிறது, ஆனால் அது ஏற்கெனவே கார்பனேட்டாக அடங்கிப்போனது, அதனால் உலைச் செங்கலாகிறது. சக்கரத்தில் இருப்பது அடங்காதது.

சக்கரக்காலின் உள்ளே உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும். காற்றை இறக்கத் தெரிந்தவர் வரும்வரை அதில் ஸ்பானர் வைக்க வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில ஆசிட் போட்டு பளபளன்னு ஆக்குறாங்களே, அது மாதிரி?

கொலுசுக்குச் சரி. ரிவெட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் ஆசிட் புகுந்தால் கழுவி எடுக்க முடியாது, உள்ளேயே இருந்து அரிக்கும். புளி, எலுமிச்சைக்கும் அதே பதில். இரும்பு ஒயர் பிரஷ்ஷும் கூடாது, அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து புள்ளிபுள்ளியாகப் பூக்கும். மணல் பீய்ச்சினால் தகடு நெளியும். மெல்லிய சோப்புத் தண்ணீர், நைலான் பிரஷ், நல்ல தண்ணீரில் அலசல், நன்றாகக் காயவிடுதல். போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது காவிரித் தண்ணீர் பிடித்து வையுங்கள்.

உடைஞ்ச பாகங்களுக்கு எங்கே போறது?

லேத் வேலைக்குச் சேலத்தைவிட்டுப் போக வேண்டாம். பிரிட்டிஷ் விமானங்களில் அங்குல மரை, ரஷ்ய விமானங்களில் மில்லிமீட்டர் மரை, அதை மட்டும் முதலில் தெரிந்துகொண்டு கொடுங்கள். தகட்டு வேலைக்குக் கரூர் பஸ் பாடிக்காரர்களின் கை வரும். பாப் ரிவெட் அடித்துவிடுவார்கள், அதை மட்டும் தடுக்க வேண்டும். திட ரிவெட்தான் பொருந்தும். டயருக்கு மாற்று தேடி அலைவதைவிட, அச்சுக்குக் கீழே முட்டுக் கொடுத்துப் பாரத்தை டயரிலிருந்து எடுத்துவிடுவது மேல்.

என்ன கலர் அடிக்கிறது?

எண்ணைப் பார்த்துவிட்டு அடியுங்கள். உடலின் பின்பக்கம் பெயின்ட் அடுக்குகளுக்கு அடியில் எண் இருக்கும். ஐஇ என்று தொடங்கினால் நாட், பிஏ என்றால் ஹண்டர், பிடி என்றால் மருத், ஐஎஃப் என்றால் கேன்பரா. அந்த எண்ணை வைத்து எந்த ஸ்குவாட்ரனில் இருந்தது, எந்த நிறத்தில் இருந்தது என்று பழைய படங்களில் தேடலாம். வட்ட முத்திரையில் நடுவில் பச்சை, அடுத்து வெள்ளை, வெளியே காவி. கொடியைப் பார்த்துத் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, 007 என்று எழுதிய விமானம் ஒன்று நம் மாவட்டத்துக்கு அருகில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஏர்ஃபோர்ஸ் ஐயா அன்று முழுவதும் பேசவில்லை.

எல்லாத்தையும் காப்பாத்தணுமா?

வேண்டாம் என்பது என் கருத்து, எங்களுக்குள் எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மிக்-21 ரகத்தில் எச்ஏஎல் மட்டும் 600-க்கும் மேல் செய்தது. நாடு முழுக்கப் பீடங்களில் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் காப்பாற்ற நினைத்தால் எல்லாமே அரைகுறையாக நிற்கும். மருத் அப்படி இல்லை. ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் பெங்களூரில் இருந்து வரைந்தது, 1961 ஜூன் 17-இல் முதலில் பறந்தது, செய்தது மொத்தம் 147. எஞ்சியவை கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். எங்காவது மருத்தின் ஒரு கதவு கிடைத்தாலும் விடக் கூடாது.

உடல் தேறாத நிலையில் காக்பிட் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து ஒரு அறைக்குள் வைப்பதை நான் எப்போதும் ஆதரிப்பேன். பிரிட்டனில் இதற்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பத்துக்குப் பத்து அறை போதும், ஃபேன் காற்று போதும், பிள்ளைகள் பார்க்க விரும்புவதும் அதைத்தான்.

பர்மாவுல ஸ்பிட்ஃபயர் புதைச்சு வெச்சிருக்காங்களாமே? நம்ம மலையிலும் ஏதாவது இருக்குமா?

பர்மாவில் டேவிட் கண்டல் என்ற பிரிட்டிஷ்காரர் பல வருடம் தேடினார். 2013-இல் ரங்கூன் விமான நிலையத்தில் தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பெட்டியில் போட்டுப் புதைத்த விமானக் கதை எல்லா ஊரிலும் உண்டு, நம் ஊருக்கும் வரும்போது டீக்கடையோடு விட்டுவிடுங்கள். மலையில் விழுந்த விமானத்தின் துண்டு எங்காவது கண்ணில் பட்டால் எடுக்காமல் படம் பிடித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அங்கே ஆள் இறந்திருக்கக் கூடும், இடம் காப்புக் காடாகவும் இருக்கும்.

எங்க காலேஜ்ல ஒண்ணு நிக்குது. இன்னிக்கே என்ன செய்யலாம்?

தாளாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எண்ணையும் நாலு பக்கத்தையும் படம் எடுங்கள். வடிகால் துளைகளைத் திறந்துவிடுங்கள், மரக்குச்சியால் குத்துங்கள், கம்பியால் கீறாதீர்கள். சுற்றியுள்ள புல்லை வெட்டுங்கள், ஸ்பிரிங்ளர் தண்ணீர் மேலே படாமல் திருப்பி வையுங்கள். இவ்வளவுக்கும் ஒரு ரூபாய் ஆகாது. அடுத்த கூட்டத்தில் கூரை என்ற சொல்லை நிகழ்ச்சி நிரலில் ஏற்றுங்கள்.

நல்லா வெச்சிருக்கிற விமானத்தை எங்கே போய்ப் பார்க்கலாம்?

பெங்களூர் பழைய விமான நிலையச் சாலையில் எச்ஏஎல் பாரம்பரிய மையம், 2001-இல் திறந்தது. சேலத்திலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம். மருத், அஜீத், கிரண், எச்டி-2 எல்லாம் இருக்கின்றன. சென்னையில் கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் ஒரு மருத் நிற்கிறது. விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கும் டியு-142 கடற்படை விமானம் அரக்கோணம் ராஜாளி தளத்தில் இருந்தது, 2017-இல் ஓய்வு பெற்று அங்கே போனது. எங்கே போனாலும் முதலில் வயிற்றுப் பக்கம் குனிந்து துளைகளைப் பாருங்கள். காவலர் ஏன் என்று கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள், அவரே அடுத்த வாரம் பார்க்கத் தொடங்கிவிடுவார்.